பேய்க்கு மூக்கடைக்குமா?

முத்திருளாயி சினிமாக் கொட்டகையின் பெண்கள் வாசலில் நின்றால் டிக்கெட் இல்லாமல் ஒரு கைக்குழந்தைகூட உள்ளே போக முடியாது என்று காரைக்குடியில் ஒரு பேச்சு இருந்தது. அது பாதிதான் உண்மை. கைக்குழந்தைகளை அவள் விட்டுவிடுவாள். கைக்குழந்தை என்று சொல்லி இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைகளைத்தான் கீழே இறக்கி, நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பாள். பிள்ளை நன்றாக நடந்தால், "கைக்குழந்தை ஓடுது பாருங்க" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அரை டிக்கெட் வாங்கி வரச்சொல்லித் திருப்பி அனுப்புவாள்.

அறுபதாம் வருஷம் அந்தச் சினிமாக் கொட்டகையில் தண்ணீர் தெளிக்கிற வேலைக்குச் சேர்ந்தவள். ஆண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்க நாலு பேர் போட்டி போட்டார்கள். பெண்கள் பக்கத்துக்கு ஒருத்தியும் வரவில்லை. மேனேஜர் முத்துராமலிங்கம் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. தரை டிக்கெட் பச்சை, பெஞ்சு டிக்கெட் சிவப்பு. குரல் பெரியதாக இருக்க வேண்டும், அது இருந்தது.

அறுபத்தாறு ஆடியில் ஒரு மேட்னி ஆட்டத்துக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது பின்மண்டையில் ஏதோ உருண்டது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாள் கழித்து மறுபடி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, பிரஷர் நூற்றுத் தொண்ணூறு இருக்கிறது, இந்த வயசுக்கு இது ஆகாது என்றார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு. எழுதிக் கொடுத்த மாத்திரை ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. அதனால் எல்லாரையும் போல வைத்தியர் தண்டாயுதபாணியிடம் போனாள்.

தண்டாயுதபாணியின் மருந்துக்கடை சந்தைக்குப் பின்னால் இருந்தது. அறுபது வயது. ஏமாற்றத் தெரியாதவர், தான் தப்பு செய்யக்கூடும் என்பதும் தெரியாதவர். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். சர்ப்பகந்தி வேரை இடித்துச் சலித்த பொடியைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார்.

"காலையில ஒண்ணு, பொழுது சாய ஒண்ணு. தேன்ல குழைச்சுச் சாப்பிடு ஆத்தா. உப்பைக் கொறை. கருவாட்டை மறந்துரு."

"கருவாட்டை மறக்குறதுக்கும் ஒரு பொடி இருந்தாக் குடுங்க அய்யா" என்றாள் முத்திருளாயி.

பொடி கேட்டது. பத்து நாளில் மண்டை லேசாகிவிட்டது. தூக்கமும் வந்தது. வைத்தியர் சந்தோஷப்பட்டு, சாயந்தரப் பொட்டலத்தை இரட்டிப்பாக்கினார்.

மூன்றாவது வாரத்தில் கனவு வந்தது.

கனவைச் சொல்வதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். முத்திருளாயி பிறந்தது காளையார்கோவில் பக்கம். அவளுக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது, தங்கை புஷ்பவள்ளியோடு ஊருணிக்குத் துணி துவைக்கப் போனாள். தங்கைக்கு ஒன்பது வயது. காய்ந்த துணியை எடுக்க அக்காள் கரையேறினாள். திரும்பிப் பார்த்தபோது படியில் யாரும் இல்லை. கத்தினாள், குதித்தாள், ஊர் வந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். இவ்வளவுதான் நடந்தது. அதன்பிறகு இருபத்தெட்டு வருஷம், தங்கையை நினைத்து அவள் அழுதிருக்கிறாளே தவிர, பயந்தது இல்லை.

கனவில் அவள் கரையேறவில்லை. தண்ணீரிலேயே நின்றாள். புஷ்பவள்ளியின் இரட்டைச் சடையைக் கையில் சுற்றிக்கொண்டு தலையை அமுக்கினாள். குமிழி வந்தது. "செத்துப் போடி, செத்துப் போ" என்றாள். குமிழி நின்றதும் எழுந்து துணியை மடித்தாள்.

அலறிக்கொண்டு எழுந்தவளைப் புருஷன் சின்னக்கருப்பு பிடித்து உட்கார வைத்தார். டயர் வைத்த மாட்டு வண்டி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். தண்ணீர் கொடுத்தார். மறுநாளும் அதே கனவு. அதற்கு அடுத்த நாள் தங்கைக்குப் பதிலாக, நாட்டரசன்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கும் தன் மகளை அமுக்கினாள். வாரத்தில் நாலு நாள், ஐந்து நாள் இப்படி. அவர்கள் இருந்தது ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வரிசை வீடு. "செத்துப் போடி" என்பது பக்கத்து வீட்டுக்குத் தெளிவாகக் கேட்டது.

ஒரு மாதத்துக்குள் ஊருக்கு இரண்டு செய்தி தெரிந்துவிட்டது. ஒன்று, கொட்டகை முத்திருளாயியைச் செத்துப்போன தங்கச்சி பிடித்திருக்கிறாள். இரண்டு, அவள் சும்மா பிடிக்கவில்லை, காரணம் இருக்கிறது.

பெண்கள் டிக்கெட்டை நீட்டுகிற விதம் மாறியது. விரல் பட்டுவிடாமல் ஓரத்தைப் பிடித்து நீட்டினார்கள். முதல் நாள் அவளுக்குப் புரியவில்லை. இரண்டாம் நாள் புரிந்தது. மூன்றாம் நாள் ஒருத்தி அப்படி நீட்டியபோது, முத்திருளாயி அந்த மணிக்கட்டையே பிடித்துக்கொண்டாள்.

"நல்லாப் பிடிச்சுக் குடு தாயி. நான் ஒட்டிக்கிர மாட்டேன்."

அந்தப் பெண் படம் பார்க்காமலே போய்விட்டாள். மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரெண்டு மாசம் வீட்ல இரு இருளாயி. உனக்கும் உடம்பு சரியில்லை. இங்க பொம்பளைக் கூட்டம் கொறையுது."

"படம் நல்லா இல்லை, கூட்டம் கொறையுது. அதுக்கு என்னையப் பேயாக்காதீக. ஆம்பளை வாசல்லயும்தான் ஆளைக் காணோம், அங்குட்டு யாரைப் பேய் பிடிச்சிருக்கு?"

முத்துராமலிங்கம் கனைத்துக்கொண்டு கணக்கு நோட்டைப் புரட்டினார். அவள் அன்றைக்குச் சாயந்தரமும் வாசலில் நின்றாள்.

வெளியில் இப்படிப் பேசினாளே தவிர, உள்ளுக்குள் அவள் ஆடிப்போயிருந்தாள். நினைவு என்பது இருபத்தெட்டு வருஷத்துப் பழையது. கனவோ நேற்றையது. எது அதிகம் தெளிவாக இருக்கும்? சோற்றைப் பிசைந்துகொண்டே கையைப் பார்ப்பாள். ஒருவேளை நான்தானோ? கரையேறினேன் என்பதை நானே சொல்லிச் சொல்லி அப்படி ஆக்கிக்கொண்டேனோ? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சின்னக்கருப்பிடம்கூட.

அந்தச் சமயத்தில் மகளுக்கு மூன்றாவது பிரசவம். முதல் இரண்டுக்கும் மகள் இங்கே வந்தாள். இந்தத் தடவை முத்திருளாயி நாட்டரசன்கோட்டைக்குப் போனாள். அவசரத்தில் புறப்பட்டதால் பொட்டலங்கள் மாடத்திலேயே தங்கிவிட்டன. இருபத்து மூன்று நாள் இருந்தாள். முதல் வாரம் கனவு வந்தது. அப்புறம் குறைந்தது. அப்புறம் இல்லை. பிள்ளைக்காரிக்குப் பூண்டு வதக்கும்போது ஒரு காலையில் வாசனை மூக்கில் ஏறியது. அப்போதுதான், இத்தனை மாதமாகத் தனக்கு மூக்கு அடைத்துக் கிடந்தது அவளுக்கே உறைத்தது. சளி இல்லாமல், தும்மல் இல்லாமல் ஒரு அடைப்பு. கொட்டகைக் கூட்டத்தின் மல்லிகை வாசனைகூட வராததற்குத் தரைத் தூசிதான் காரணம் என்று நினைத்திருந்தாள்.

காரைக்குடிக்குத் திரும்பினாள். பின்மண்டை கனத்ததால் மறுபடி பொடியைத் தொட்டாள். இரண்டு வாரத்தில் மூக்கு அடைத்தது. அதற்குப் பின்னாலேயே ஊருணியும் வந்தது.

தம்பி சேவுகன் காளையார்கோவிலிலிருந்து வந்து உட்கார்ந்தான். அக்காள்மேல் பிரியம் உள்ளவன். பயமும் உள்ளவன்.

"அங்க போனா வரலை, இங்க வந்தா வருதுன்னா என்னக்கா அர்த்தம்? அது இந்த எல்லையைத் தாண்டாது. கோடாங்கியைக் கூட்டிட்டு வந்து கேட்டுப்புடுவோம்."

"எல்லையா, இல்லை பொடியாடா? அங்க நான் பொடி சாப்பிடலையே."

"வேர் மருந்து எங்கயாச்சும் கனவு காட்டுமாக்கா? காச்சல் மாத்திரையா அது? வேரு!"

வேண்டாம் என்று சொல்லியும் வெள்ளிக்கிழமை காலையில் கோடாங்கியைக் கூட்டிவந்துவிட்டான். உடுக்கையோடு வந்த அந்த மனிதருக்குப் பேயோட்டுவதில் பக்கத்து ஊர்களில் நல்ல பெயர். வரிசை வீட்டு ஜனம் முழுக்க வாசலில் நின்றது. முத்திருளாயி ஓடவில்லை. வேலைக்குப் போகும்போது உடுத்துகிற நீலச் சேலையை உடுத்திக்கொண்டு வந்து அவர் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

உடுக்கை அடித்தது. அரை மணி நேரம் அடித்தது. சாம்பிராணிப் புகை அவள் முகத்தைச் சுற்றியது. கோடாங்கி குனிந்து கேட்டார்.

"யாரு நீ? பேரைச் சொல்லு."

"முத்திருளாயி. கொட்டகையில டிக்கெட் கிழிக்கிறவ. நீங்க யாரு?"

வாசலில் சிரிப்பு வந்து அடங்கியது. சேவுகன் கையைப் பிசைந்தான். கோடாங்கி கோபப்படாமல் மறுபடி அடித்துவிட்டுக் கேட்டார். "எதுக்கு இந்த உடம்புக்குள்ள வந்தே?"

"என் உடம்புக்கு நான் எதுக்குங்க வரணும், நான் எப்பவும் இங்கதான இருக்கேன்? நான் ஒண்ணு கேக்குறேன், நீங்க பதில் சொல்லுங்க. எத்தனையோ பேயைப் பாத்திருப்பீக. பேய் பிடிச்சா மூக்கடைக்குமா?"

உடுக்கை நின்றது.

"என்ன ஆத்தா?"

"மூக்கு. இந்தச் சாம்பிராணிப் புகை எனக்கு இம்புட்டுக்கூட வாசம் தெரியலை. கனவு வர்ற அன்னைக்கெல்லாம் மூக்கு அடைச்சிருக்கு. கனவு இல்லைன்னா மூக்கும் தெறந்துருது. பேய்க்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?"

கோடாங்கி உடுக்கையைத் துணியில் சுற்றினார். "தம்பி, இது நம்ம வழியில வர்ற காரியம் இல்லை" என்று சேவுகனிடம் சொல்லிவிட்டு, காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார். அவரைப் பற்றி முத்திருளாயி கடைசிவரைக்கும் மரியாதையாகத்தான் பேசினாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் என்பாள்.

கூட்டம் கலைந்ததும் தம்பியை முன்னால் உட்கார வைத்தாள்.

"நேரா ஒண்ணு கேக்குறேன். நான் அவளை அமுக்குனேன்னு நீயும் நெனைக்கிறியா?"

சேவுகன் தரையைப் பார்த்தான். புஷ்பவள்ளி போனபோது அவனுக்கு ஆறு வயது.

"சின்னப் பிள்ளையில நெனச்சேன்க்கா. யாரோ சொன்னாக."

"இப்ப?"

"இப்ப இல்லை."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே வெகுநேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முடிவு செய்திருந்தாள். கனவு எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டுமென்றால், முதலில் அந்தச் சாட்சி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அவள் செய்தது இதுதான். கொட்டகையில் கிழித்த டிக்கெட்டின் பாதித் துண்டுகளைக் கோத்து வைக்க ஒரு கம்பி உண்டு. அதேபோல ஒரு கம்பியை வீட்டுச் சுவரில் தொங்கவிட்டாள். நல்ல தூக்கம் தூங்கிய மறுநாள் காலையில் ஒரு பச்சைத் துண்டைக் குத்துவாள். கெட்ட கனவு கண்டால் சிவப்பு. பொடி சாப்பிட்ட நாளின் துண்டுக்கு ஒரு மூலையை மடித்துவிடுவாள். எழுத்துத் தெரியாதவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

முதலில், அதே வீட்டில், அதே பாயில் இருந்துகொண்டே பொடியை நிறுத்தினாள். சேவுகன் சொன்ன எல்லையைத் தாண்டாமல். நிறுத்திய மறுநாளே சிவப்பு. அதற்கு மறுநாளும் சிவப்பு. ஆறு நாள் தொடர்ந்து சிவப்பு ஏறியது. "பாத்தியா, மருந்தே இல்லாம வருது" என்றான் தம்பி. அவள் பதில் சொல்லவில்லை. ஏழாம் நாள் ஒரு பச்சை. ஒன்பதாம் நாள் ஒரு சிவப்பு. பத்தாம் நாளிலிருந்து பச்சையாகவே ஏறியது. மூக்கு திறந்தது. ஆனால் பின்மண்டை மறுபடி கனக்க ஆரம்பித்தது. படி ஏறினால் கண் இருண்டது. சின்னக்கருப்புக்கு அதுதான் பயம்.

"இந்தா புள்ள, கனவு கண்டாலும் உசிரோட இருப்ப. விழுந்து போனா என்ன செய்யிறது?"

"விழுந்தா நீங்க தூக்குங்க. இன்னும் பத்து நாள்தான்."

இரண்டாவது வேலை அதைவிடக் கடினம். இருபது பச்சைத் துண்டு சேர்ந்ததும், பொட்டலங்களையும் கம்பியையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நாட்டரசன்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். அங்கே கனவு வராது, அது எல்லை தாண்டாது என்றார்கள் அல்லவா? அங்கே போய்ப் பொடியைச் சாப்பிட்டாள். என்ன வரும் என்று தெரிந்துகொண்டே, தன் கையாலேயே தேனில் குழைத்து, இரண்டு வேளையும் சாப்பிட்டாள். மகள் அழுதாள், கைப்பிள்ளையை வேறு அறையில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் முத்திருளாயி அலறிக்கொண்டு எழுந்தாள். மகள் ஓடிவந்து பார்த்தபோது தாயின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா? என்னம்மா செய்யுது?"

"வந்துருச்சுடி. இங்குட்டும் வந்துருச்சு. எல்லை தாண்டாத பேயி, பஸ்ஸுல டிக்கெட் எடுத்து வந்திருக்கு பாரு!"

அன்றைக்கே ஊர் திரும்பி, கம்பியைத் தூக்கிக்கொண்டு வைத்தியர் கடைக்குப் போனாள். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கம்பியை எடைத்தட்டுப் பக்கத்தில் வைத்து, எது எந்த நாள் என்று சொன்னாள். தண்டாயுதபாணி கம்பியைத் தொடவில்லை.

"இது எங்க அப்பாரு காலத்து மருந்து. சித்தம் கலங்குனவனுக்கே இதைக் குடுத்துத்தான் தூங்க வைக்கிறோம். வேரு தூக்கத்தைத்தான் குடுக்கும். கனவு உன் மனசுல உள்ளது ஆத்தா. அதுக்கு நான் பொறுப்பில்லை."

கடையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனசில் உள்ளது என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

"என் மனசுல உள்ளதுன்னா, பொடியை நிறுத்துனதும் அந்த மனசு எங்க போச்சு? என் மனசும் பொட்டலத்துலதான் மடிச்சு வச்சிருக்கீகளா?"

"நாப்பது வருசமாக் குடுக்குறேன். ஒரு ஆளு வந்து, அய்யா எனக்குக் கனவு வருதுன்னு சொன்னது இல்லை."

"நீங்க கேட்டீகளா?"

வைத்தியர் ஒரு பொட்டலத்தை எடுத்து மடித்தார்.

"வயிறு எப்படி, மலம் எப்படி, நாக்கு எப்படின்னு கேட்டீக. கனவு எப்படின்னு ஒரு ஆளைக் கேட்டீகளா? கேக்காம யாரு வந்து சொல்லுவா? நானே உங்ககிட்டச் சொல்லலையே. என் பாவமுன்னுல்ல மூடி வச்சிருந்தேன்."

"நான் சாப்பிட்டுக் காட்டட்டா?" என்று கத்தினார் தண்டாயுதபாணி. கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் சபையில் சொல்லியாகிவிட்டது.

"சாப்பிடுங்க. ஒரு மண்டலம்" என்றாள் முத்திருளாயி.

அவர் சாப்பிட்டார். மனுஷர் சொன்ன சொல்லுக்கு மாறவில்லை. ஊரும் வேடிக்கை பார்த்தது. வாரத்துக்கு ஒரு தடவை அவள் கடை வழியாகப் போகும்போது, "கனவுமில்லை கினவுமில்லை" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பார். நாலாவது வாரத்தில் குரல் வரவில்லை. ஒரு மத்தியானம் வைத்தியரின் மனைவி மீனாள் குடை பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டாள். படம் பார்க்க வரவில்லை.

"ஆத்தா, நீ வந்து சொன்னாத்தான் கேப்பாக. அஞ்சு நாளா கடையைத் திறக்கலை. சோத்துத் தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக. என்னன்னு கேட்டா கண்ணுல தண்ணி வருது. நாப்பது வருசத்துல அவுக அழுது நான் பாத்தது இல்லை."

முத்திருளாயி வாசலை மேனேஜரிடமே ஒப்படைத்துவிட்டுப் போனாள். தண்டாயுதபாணி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை.

"அய்யா, நிறுத்துங்க."

"இன்னும் பதிமூணு நாள் இருக்கு."

"நான் சொன்னது தப்பு. உங்களைச் சாப்பிடச் சொல்லியிருக்கக் கூடாது. நிறுத்துங்க."

"கனவு எனக்கு வரலை" என்றார் அவர், ஒரு குழந்தை புகார் சொல்வது போல. "பொய் சொல்ல மாட்டேன். வரலை. காலையில கண்ணைத் தொறந்தா, எதுக்குத் தொறந்தோம்னு இருக்கு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை."

அவருக்கு வந்தது வேறு. கனவு அல்ல, பட்டப்பகலிலேயே ஓர் இருட்டு. அதுவும் அந்த வேரின் வேலைதான் என்று நிறுத்தி மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் தானாகவே எழுந்து திருநீறு பூசிக்கொண்டபோதுதான் அவருக்கே புரிந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்துக்காகத்தான், அவர் முன்பு பேசியதை எல்லாம் மன்னிக்கலாம் என்று முத்திருளாயி சொல்லுவாள். அந்தப் பொடி வாங்குகிற பத்தொன்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். கூட்டத்தில் கேட்காமல், உள்ளே அழைத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, "கனவு எப்படி?" என்று கேட்டார். பன்னிரண்டு பேர் ஒன்றும் இல்லை என்றார்கள். ஏழு பேர் பேச ஆரம்பித்தார்கள். அதில் இரண்டு பேரால் பேச்சை நிறுத்த முடியவில்லை.

அந்த இருவரில் ஒருவர் இரும்புக்கடை சாதிக் அலி. பினாங்கில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவர் அங்கே இருந்தபோதுதான் இங்கே அவர் தாயார் மௌத்தானது. கப்பல் ஏறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. இரண்டு வருஷமாக, எரிகிற ஒரு வீட்டுக்குள் தாயாரை விட்டுவிட்டுத் தான் மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வருவதாகக் கனவு. இரண்டு தாயத்துக் கட்டியிருந்தார். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் முத்திருளாயியைத் தேடிக்கொண்டு கொட்டகைக்கு வந்தபோது, பெண்கள் வரிசை நீண்டு கிடந்தது.

"பாய், இது பொம்பளை வாசல். ஆம்பளைக்கு அங்குட்டு."

"நான் படத்துக்கு வரலைம்மா. உன்னையப் பாக்கத்தான் வந்தேன்." அவர் வரிசைக்கு ஓரமாக ஒதுங்கி நின்றார். "உம்மாவை விட்டுட்டுப் போனதுக்கு அல்லா குடுக்குற தண்டனைன்னு நெனச்சிருந்தேன். நாலு வாரமா பொடி இல்லை. நேத்து உம்மா கனவுல வந்தாக. சும்மா உக்காந்து அரிசி பொடைச்சாக. வேற ஒண்ணும் நடக்கலை."

வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முத்திருளாயி அதைக் கவனித்தாள். அவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீகளா? பாயையும் என் தங்கச்சிதான் பிடிச்சிருந்தாளாக்கும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்றவள் டிக்கெட்டை நீட்டினாள், உள்ளங்கையோடு சேர்த்து.

எல்லாம் அத்தோடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பொடியை அடியோடு விட்டால் மண்டை தாங்கவில்லை. வைத்தியரும் அவளும் உட்கார்ந்து பேசி, அளவைக் கால்வாசியாக்கி, காலையில் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். கருவாட்டை நிஜமாகவே விட்டாள். அதுதான் பெரிய தியாகம் என்பாள். கனவு மாதத்துக்கு ஒன்று வந்தது. வந்தால், விடிந்ததும் சுவரோரம் போய், "பக்கத்து வீட்டம்மா, நேத்து என் மகளை அமுக்குனேன். சத்தம் கேட்டிருக்கும். கேக்கலைன்னா கேட்டுக்கிருங்க" என்று தானே சொல்லிவிடுவாள். அவர்கள் ஒளித்துப் பேச அவள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. சேவுகன் மட்டும், பேய் பொடியில் ஏறித்தான் வந்தது என்று கடைசிவரைக்கும் சொன்னான். அவள் சண்டை போடவில்லை.

எழுபத்து நாலில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓர் இளம் டாக்டர் வந்தார். காற்றடித்துப் பார்த்துவிட்டு, அவள் சொன்ன சர்ப்பகந்தி வேரெல்லாம் வேண்டாம், இங்கிலீஷ் மாத்திரை இருக்கிறது என்று சீட்டில் கிறுக்கினார். முத்திருளாயி சீட்டை வாங்கவில்லை.

"இதுல கனவு வருமா சார்?"

"என்ன?"

"கெட்ட கனவு. அழுகை. காலையில எந்திரிக்கப் பிடிக்காம இருக்குறது. மூக்கடைப்பு. இதெல்லாம் வருமா?"

"கனவெல்லாம் மாத்திரையில வராதும்மா. அடுத்த ஆள் வாங்க."

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். "எந்திரிம்மா" என்று ஒரு குரல் கேட்டது. இன்னொன்றும் கேட்டது. பதினாலு வருஷம் கூட்டத்தை நிறுத்தி வைத்துப் பழகியவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

"அந்தா தடியா ஒரு புஸ்தகம் இருக்கே, அதுல பாருங்க. பாத்துட்டு இல்லைன்னு சொல்லுங்க, போயிருறேன்."

டாக்டர் கோபத்தோடுதான் புத்தகத்தை இழுத்தார். பக்கம் புரட்டினார். விரலை வைத்துப் படித்தார். இன்னொரு பக்கம் போனார். அங்கே நின்றுவிட்டார். முகத்தில் இருந்த கோபம் மெதுவாக இறங்கியது.

"இந்த மாத்திரையில கனவு வராது. அடிக்கடி ஒண்ணுக்கு வரும்."

"அது பரவாயில்லை."

"அந்த வேர்லதான்..." என்று இழுத்தார். "அதுலதான் நீங்க சொன்ன எல்லாம் போட்டிருக்கு. கெட்ட கனவு. மனச்சோர்வு. மூக்கடைப்பு."

முத்திருளாயி அந்தப் புத்தகத்தின் பழைய அட்டையைப் பார்த்தாள்.

"அந்தப் புஸ்தகம் எந்த வருசத்துது சார்?"

அவர் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "அம்பத்தெட்டு." அவள் முதல் பொட்டலம் வாங்கியதற்கு எட்டு வருஷம் முன்பு.

வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் ஸ்டூலில் திரும்பி, அந்த நாற்பது பேரையும் ஒரு தடவை பார்த்தாள். அதில் எத்தனை பேர் வீட்டு மாடத்தில் அந்தப் பொட்டலம் இருக்கிறதோ. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவை படிங்க. தமிழ்ல, சத்தமாப் படிங்க. பின்னாடி நிக்கிறவுகளுக்குக் கேக்கலை."

டாக்டர் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.